பனிமலையில் பத்து நிமிடங்கள்

கல்கரியில் வசிக்கும் என் தம்பியின் மகன் சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு ஸ்னோமொபைல் வாங்கினான். அந்த வாகனத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: முன்னால் திசை திருப்புவதற்கு இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்னால் உழவு இயந்திரத்தின் சங்கிலிபோல் சுழலும் அகன்ற இறப்பர் பட்டையும் பூட்டிய மோட்டார் சைக்கிள் என்று அதனைக் கொள்ளலாம். ஆழ்ந்த பனியிலும் அது ஓடும். செங்குத்தான சரிவிலும் ஏறும். விலையோ ஒரு சிறிய காரின் விலை.

செய்தி எனக்கு அவன் மூலமாக வரவில்லை. அவனுடைய தாயார் கொழும்புக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"அத்தான், செல்லடிக்குள்ளாலை தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை. இப்ப பனிக்குக் குடுக்கிறதோ? நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பான்."

முப்பது வயதைத் தாண்டிய ஓர் இளைஞன் ஏழு கடல் தாண்டியிருக்கும் பெரியப்பன் சொல்வதைக் கேட்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆயினும், பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அபிப்பிராயம் கூறுமுன் விபத்து அறிக்கைகளை வாசித்துவிட வேண்டும் என்பதே அது. இரண்டு வாரங்களாக அவற்றைத் தேடி வாசித்தேன். கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் எங்கள் பிள்ளைகள் இன்று மலைக்குப் போகிறார்கள். வாசித்தறிந்தவை அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

* * *

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரித்தானிய கொலம்பியாவின் மலைகளில் ஸ்னோமொபைல் ஓட்டுவோர் இருவகை நிலங்களில் ஓட்டுகின்றனர். ஒன்று, உள்ளூர்க் கழகங்கள் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் பாதை. ரெவெல்ஸ்ரோக் நகரை அடுத்த போல்டர் மலையிலும் ஃபிறிஸ்பி மலைமுகட்டிலும் உள்ளவை இத்தகையன. அங்கே கனரக இயந்திரம் ஒன்று பனியை வாரி, அமுக்கி, மட்டமாக்கிவிட்டுப் போகும். அமுக்கிய பனி குளிரில் இறுகுவதற்குச் சில மணி நேரம் தேவை. ஆகவே இரவில் செப்பனிட்ட பாதை காலையில் மேசைபோல் இருக்கும். நூறு வண்டிகள் ஏறி இறங்கியபின் மாலையில் அதுவே வரம்பு வரம்பாக எழுந்து முதுகெலும்பைச் சோதிக்கும். வளைவில் எதிரே வரும் வண்டி, விளக்கெரிய ஊர்ந்துவரும் செப்பனிடும் இயந்திரம், பருவத் தொடக்கத்தின் மெல்லிய பனிக்குள் மறைந்திருக்கும் மரக்குற்றி, ஓடையின்மேல் பாலம்போல் கிடந்து பாரம் ஏறியதும் உடையும் பனி ஆகியனவே பாதையின் ஆபத்துகள். இவை வீதி விபத்துகளுக்கு ஒப்பானவை. வலப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, மது அருந்தாமல் ஓட்டுபவன் பெரும்பாலும் தப்பிக்கொள்வான்.

இரண்டாவது, அந்தப் பாதை முடியும் இடத்தில் தொடங்கும் காவலற்ற மலைப்பகுதி. மரங்கள் குறைந்து, வெண்மையான திறந்த சரிவுகள் எதிரே விரியும். அங்கே பாதை இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, பனியைச் சோதித்துப் பார்த்து வைத்தவர் எவரும் இல்லை. இளைஞர்கள் பெருந்தொகைப் பணம் கொடுத்து வண்டி வாங்குவது இந்த இரண்டாவது நிலத்துக்காகத்தான். பனிச்சரிவில் அவர்கள் இறப்பதும் இங்கேதான்.

பனிச்சரிவு என்றதும் மேலேயிருந்து உருண்டுவரும் பனிப்பந்து ஒன்றையே நாம் கற்பனை செய்கிறோம். உயிர் கொல்லும் சரிவு அவ்வாறானது அன்று. மலைமேல் பனி ஒரே நாளில் விழுவதில்லை. ஒவ்வொரு புயலும் ஒரு படையாக விழுகிறது. தெளிந்த, குளிர்ந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் சிற்றிறகு போன்ற உறைபனிப் படிகங்கள் வளரும். பார்ப்பதற்கு மிக அழகானவை. அடுத்த புயல் அவற்றின்மேல் அரை மீற்றர் புதுப்பனியைக் கொட்டிவிடும். இப்போது அந்த அழகிய படிகங்கள், கண்ணாடித் துண்டுகளை நிமிர்த்தி வைத்து அதன்மேல் கனத்த பலகையைப் போட்டதுபோல, பாரத்தைத் தாங்கிக்கொண்டு உள்ளே கிடக்கின்றன. வாரக் கணக்கில் அப்படியே கிடக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரு மனிதனின் பாரமோ ஒரு வண்டியின் பாரமோ ஓர் இடத்தில் அழுத்த, அங்கே உடையும் வெடிப்பு நொடிப்பொழுதில் சரிவு முழுவதும் ஓடுகிறது. பலகை முழுவதும் கழன்று, ஏறி நின்றவனையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது.

இத்தகைய சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த நிலத்தில் நிகழ்பவை. அதனிலும் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதில்லை. சாய்வு குறைந்தால் சரிவதில்லை. வண்டி ஏறுவதற்கு மிகவும் உவப்பான சரிவும் இதே சாய்வுதான் என்பது துரதிர்ஷ்டம். இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். உயிரிழப்பு ஏற்பட்ட பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிட்டவர், இறந்தவரோ அவருடன் சென்ற ஒருவரோதான். மலை தானாக வந்து மனிதர்மேல் விழுவது அரிது.

கால்நடையாகவோ ஸ்கீ அணிந்தோ ஏறுபவர் ஒரு நாளில் இரண்டு மூன்று சரிவுகளையே தொடுவார். ஸ்னோமொபைல் ஓட்டுபவர் ஒரு மணி நேரத்தில் அதைவிடக் கூடுதலான சரிவுகளைத் தொட்டுவிடுகிறார். மலை முழங்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. பலவீனமான படை உள்ளே நொறுங்கும்போது 'தொம்' என்று அடங்கிய ஓசை எழும். நடந்துசெல்பவர் அதைக் கேட்டுத் திரும்பிவிடுவார். இயந்திரத்தின் இரைச்சலில் அமர்ந்திருப்பவருக்கு அது கேட்பதில்லை.

* * *

வாசித்த அறிக்கைகளுள் என்னை நெடுநேரம் உறங்கவிடாதது 2008 டிசம்பர் 28ஆம் திகதி ஃபேர்னி நகருக்கு அப்பாலுள்ள ஹார்வி கணவாய்ப் பகுதியில் நடந்தது. ஸ்பார்வூட் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க நகரைச் சேர்ந்த பதினொரு ஆண்கள் இரு குழுக்களாக மலைக்குச் சென்றிருந்தனர். முதற் சரிவு எழுவரைக் கொண்ட குழுவை மூடியது. அருகிலிருந்த நால்வர், நண்பர்களைத் தோண்டியெடுக்க ஓடிவந்தனர். அவர்கள் தோண்டிக்கொண்டிருக்கையில் இரண்டாவது சரிவு இறங்கிப் பதினொருவரையும் மூடியது. இருவர் தம் முயற்சியால் வெளியே வந்து, மூன்றாமவரைத் தோண்டி எடுத்தனர். மலை மேலும் சரியக்கூடும் என்ற நிலையில், மற்றவர்களை அங்கேயே விட்டுவிட்டு அம்மூவரும் இறங்கவேண்டியதாயிற்று. எண்மர் இறந்தனர். நாலாயிரம் பேர் அளவில் வாழும் ஒரு நகரில் எட்டு வீடுகளில் ஒரே நாளில் இழவு.

அந்த நாட்களில் எங்கள் செய்தி மேசையின் நிலையை வாசகர்கள் ஊகிக்கலாம். கிளிநொச்சியின் வீழ்ச்சிக்கு ஐந்து நாட்களே இருந்தன. சர்வதேசச் செய்திப் பக்கத்தில் ஃபேர்னிக்குக் கிடைத்தது ஒற்றைப் பத்தியில் ஆறு வரி. இத்தனை ஆண்டுகள் கழிந்து அதே நிகழ்வை முழு அறிக்கையாக வாசிக்கையில், காப்பாற்ற ஓடிவந்தவர்களையும் சேர்த்து விழுங்கும் இரண்டாவது அடி எங்களுக்கும் புதியதல்லவே என்று எண்ணினேன். 2004 ஆழிப்பேரலையின்போது முதல் அலை வடிந்ததும் பிள்ளைகளைத் தேடிக் கரைக்கு ஓடியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. ஓடாதே என்று அவர்களிடம் யாரால் சொல்லியிருக்க முடியும்?

கனடிய மலைகளிலும் இது புதியதன்று. 1910 மார்ச் 4ஆம் திகதி இரவு ரோஜர்ஸ் கணவாயில் புகையிரதப் பாதையை மூடிக்கிடந்த பனிச்சரிவொன்றைத் தொழிலாளர்கள் அகற்றிக்கொண்டிருந்தனர். அப்போது எதிர்ப்புறத்து மலையிலிருந்து மற்றொரு சரிவு இறங்கி 58 பேரைக் கொன்றது. அவர்களுள் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். கூலிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். அதன்பின் புகையிரத நிறுவனம் கணவாயைக் கைவிட்டு மலையைக் குடைந்தது. 1916இல் கொனோட் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது.

2010 மார்ச் 13ஆம் திகதி போல்டர் மலையில் நடந்தது வேறு விதமான பாடம். ஒழுங்கமைப்பாளர் என்று எவரையும் சுட்டமுடியாத ஒரு வருடாந்த ஒன்றுகூடலுக்காக ஏறத்தாழ 200 பேர் அங்கே கூடியிருந்தனர். சரிவில் யார் மிக உயரமான இடத்தைத் தொட்டுத் திரும்புவது என்பதே விளையாட்டு. ஏறுபவர்கள் மேலே ஏற, பார்வையாளர்கள் சரிவின் அடிவாரத்தில், அதாவது பனி இறங்கினால் வந்து குவியும் இடத்திலேயே, வண்டிகளை நிறுத்திக்கொண்டு நின்றனர். பனிச்சரிவு நிலையம் அந்த வார இறுதிக்கு விசேட எச்சரிக்கை விடுத்திருந்தது. சரிவு இறங்கியது. இருவர் இறந்தனர். சுமார் 30 பேர் காயமுற்றனர். இன்னும் பலர் இறவாதது அதிசயம் என்றே பலரும் எழுதினர். 2016 ஜனவரி 29ஆம் திகதி மக்பிறைட்டுக்கு அருகே ரென்ஷோ பகுதியில் அல்பேர்ட்டாவைச் சேர்ந்த ஐந்து ஸ்னோமொபைல் ஓட்டுநர்கள் ஒரே சரிவில் மாண்டனர்.

எச்சரிக்கை இல்லாத குறையால் இவை நிகழ்ந்தன என்று சொல்ல இயலாது. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி அதே ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில் ஸ்கீ பயணம் சென்ற அல்பேர்ட்டாப் பாடசாலை மாணவர்கள் எழுவர் பனியில் புதையுண்டபின் அந்நாடு விழித்துக்கொண்டது. 2004இல் ரெவெல்ஸ்ரோக்கைத் தளமாகக் கொண்டு தேசியப் பனிச்சரிவு நிலையம் உருவாயிற்று. இன்று அது அவலாஞ்ச் கனடா என்ற பெயரில் இயங்குகிறது. மலை நிலங்களை எளியது, கடினமானது, சிக்கலானது என்று தரம் பிரிக்கும் முறையும் அதன்பின்னரே வந்தது. குளிர்காலத்தில் பிரதேச வாரியாக நாளாந்த முன்னறிவிப்பு வெளியாகிறது. அபாயம் ஐந்து படிகளில் கூறப்படுகிறது: குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். இதில் மூன்றாம் படியாகிய 'கணிசம்' என்பதைக் கவனிக்கவேண்டும். ஐந்தில் மூன்று என்றதும், பரீட்சையில் பாதிப் புள்ளி பெற்றதுபோல் எண்ணிப் பலர் புறப்பட்டுவிடுகின்றனர். மனிதன் ஏறினால் சரியக்கூடும் என்பதே அப்படியின் பொருள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நிகழ்வதும் அந்தப் படியில்தான்.

* * *

புதையுண்டவனுக்கு நேரம் எவ்வளவு? சுவிற்சர்லாந்துத் தரவுகளைக் கொண்டு 1994இல் வெளியான ஆய்வொன்று, 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதாகவும், 35 நிமிடங்களானால் பத்தில் மூவரே எஞ்சுவதாகவும் காட்டியது. 2011இல் கனடியத் தரவுகளை அதனுடன் ஒப்பிட்டபோது, கனடாவில் அந்த அவகாசம் ஏறக்குறைய பத்து நிமிடங்களே என்று தெரியவந்தது. அங்குள்ள மரங்களும் பாறைகளும் உடலை மோதிச் சிதைப்பதும், பனி அடர்த்தியாக இருப்பதும் காரணங்கள். ஓடிவரும்போது புகைபோல் இருக்கும் பனி, நின்றவுடன் சீமெந்துபோல் இறுகிவிடுகிறது. விரலைக்கூட அசைக்கமுடியாது.

ஹெலிகொப்டர் பத்து நிமிடத்தில் வருவதில்லை. மீட்புப் பணியாளர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். அவர்கள் எவ்வளவு விரைந்தாலும், பெரும்பாலும் அவர்கள் எடுப்பது உடலைத்தான். எனவே கூடவந்தவன்தான் காப்பாற்றவேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்கவேண்டும். முதலாவது, 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பவும் பெறவும் கூடிய சிறு கருவி. இது வண்டியில் அன்றி உடலில் கட்டியிருக்கவேண்டும். இரண்டாவது, புதையுண்டவரைக் குத்தித் தேடுவதற்கு மடித்து நீட்டும் நீண்ட கோல். மூன்றாவது, உலோகத்தாலான சவள். சவளை வண்டியில் கட்டிவைத்திருந்தால் வண்டியோடு அதுவும் புதைந்துவிடும். முதுகுப் பையில்தான் இருக்கவேண்டும். காற்றுப்பை பொருத்திய முதுகுப் பைகளும் உண்டு. இழுத்தால் ஊதிப் பெருத்து, ஆளைப் பனியின் மேற்புறம் நோக்கி உயர்த்தும். பயனுள்ளவை. ஆனால் பாறையில் மோதி இறப்பதை அவை தடுப்பதில்லை.

நடத்தை விதிகள் அதனிலும் எளியவை. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவரே ஏறவேண்டும். மற்றவர்கள் பனி வந்து சேராத ஓரத்தில், வண்டியின் முகத்தை வெளிப்புறம் திருப்பி, அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கவேண்டும். மேலே வண்டி சிக்கிக்கொண்டவனுக்கு உதவுவதற்கு இன்னொருவர் ஏறக்கூடாது. இந்தக் கடைசி விதியே எல்லாவற்றிலும் கடினமானது. நண்பன் தனியாகப் பனியைத் தோண்டிக்கொண்டிருப்பதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல மனிதர்களையே இந்த விதி அதிகம் சோதிக்கிறது.

* * *

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகனை அழைத்தேன். கண்டிக்கும் தொனியிலேயே தொடங்கினேன்.

"மலையைப் பற்றி உனக்கு என்ன தம்பி தெரியும்?"

"ஒண்டும் தெரியாது பெரியப்பா. தெரியாது எண்டபடியால்தான் காசு கட்டி வகுப்புக்குப் போறன்."

இரண்டு நாள் வகுப்பு. ஒரு நாள் அறைக்குள்ளும் ஒரு நாள் மலையிலும். அங்கே சமிக்ஞைக் கருவியைப் புதைத்துவைத்துத் தேடச் செய்கிறார்கள். முதன்முறை தேடி எடுப்பதற்கு அவனுக்குப் பதினோரு நிமிடம் எடுத்ததாம். "என்ரை சிநேகிதன் செத்துப் போனான் பெரியப்பா" என்று சிரித்தான். சிரித்தபின் சற்று நேரம் பேசவில்லை. நாலாவது முறை மூன்றரை நிமிடம் என்றான்.

பிறகு வேறொரு கதை சொன்னான். கல்கரியிலிருந்து ரெவெல்ஸ்ரோக் சுமார் 400 கிலோமீற்றர். வழியில் ரோஜர்ஸ் கணவாயைக் கடக்கவேண்டும். அங்கே நெடுஞ்சாலையின்மேல் பெரும் சரிவுகள் இறங்காமலிருக்க, சாலையை மூடிவிட்டு, இராணுவம் மலையை நோக்கிப் பீரங்கி சுடுகிறது. பனி கூடுமுன் சிறிது சிறிதாக இறக்கிவிடும் உத்தி. 1961ஆம் ஆண்டில் தொடங்கிய நடைமுறை இது.

"ஆமி மலைக்குச் செல்லடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு காருக்குள்ளை இருந்தன் பெரியப்பா. அம்மாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

உயிர் காப்பதற்காகச் சுடப்படும் பீரங்கியை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கண்டவன் அவன்தான்.

தாயாரிடம் நான் பீரங்கியைப் பற்றிச் சொல்லவில்லை. தடுக்கவேண்டாம் என்றே சொன்னேன். தடுத்தால் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிறவனைத் தேடுவதற்கு எங்கே என்று ஆட்களை அனுப்புவது? அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி எழுதிக் கொடுத்தேன். இன்றைய முன்னறிவிப்பு எத்தனையாம் படி? கூட வருகிறவர்கள் யார், எல்லோருடைய கருவியும் பரிசோதிக்கப்பட்டதா? எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்பிவந்து செய்தி அனுப்புவாய்? அலைபேசி வேலை செய்யாத மலைகளுக்காகச் செய்மதி மூலம் செய்தி அனுப்பும் சிறு கருவியொன்றை அவன் வாங்கினான். அதற்கான பணத்தைத் தாயாரே கொடுத்தார்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. முன்னறிவிப்பு நாலாம் படியைக் காட்டியது. ஐவர் 400 கிலோமீற்றர் வண்டி ஓட்டி, விடுதிக்குப் பணம் செலுத்தி வந்திருந்தனர். வானம் நீலமாகத் தெளிந்திருந்தது. மேலே எவருடைய தடமும் படாத வெண்சரிவு. செப்பனிட்ட பாதையில் மலைக்குடிசை வரை போய், தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுவோம் என்று இவன் சொல்லியிருக்கிறான். ஒருவர் கோபித்துக்கொண்டாராம். ஐவரும் இறங்கினர். அன்று அந்த மலையில் எதுவும் சரியவில்லை. இவன் சொன்னது சரியா பிழையா என்று எவராலும் நிரூபிக்கமுடியாது. சரியான முடிவுகளின் தலைவிதி அதுதான். நாற்பது ஆண்டுகளில் அப்படியான ஒரு முடிவையாவது நாங்கள் செய்தியாக்கியதாக நினைவில்லை.

* * *

மலைச்சரிவின் எச்சரிக்கை பற்றி எழுதும் இலங்கையன் ஒருவன் கொஸ்லாந்தையை நினைக்காமல் இருக்கமுடியாது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன் வரிசைகளை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் கூறியிருந்தது. அங்கே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு இடம்தான் இருக்கவில்லை. கொழுந்து பறிப்பவர் தம் பிள்ளைகளுடன் எந்த மலைக்குடிசைக்குத் திரும்பியிருப்பார்?

ரெவெல்ஸ்ரோக்கின் அடிவாரத்தில் நிற்கும் எங்கள் பிள்ளைகளின் நிலை அதுவன்று. அவர்களுக்காக ஒருவர் காலையில் எழுந்து பனியைத் தோண்டிப் பார்த்து, அபாயத்தை எண்ணால் எழுதிவைக்கிறார். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கிறது, வாகனம் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமையும் இருக்கிறது. பல தலைமுறைகளாக எம்மவருக்குக் கிடையாதிருந்த வசதி இது. குளிர்காலம் நெருங்குகிறது. பனி நாடுகளிலிருந்து இதனை வாசிக்கும் பெற்றோர், பிள்ளையிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் மட்டும் வாசலில் மறித்து நில்லுங்கள்.